மசி 135இன் கிராங் பின் சீல்: பிளக்க முன்னும் பிளந்த பிறகும்

கேள்வி இதுதான். கிளிநொச்சி அக்கராயன் பக்கம் வயல் வேலை செய்யும் ஒரு மசி பெர்குசன் 135 உழவு மிசின், மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இயந்திரம். கிளச் கூட்டின் அடியிலிருந்து ஒயில் சொட்டுகிறது. கலப்பை மண்ணில் இறங்கியதும் கிளச் வழுக்குகிறது. ஒரு மெக்கானிக் "பின் சீல் போயிட்டுது, மிசினைப் பிளக்கத்தான் வேணும்" என்கிறார். இன்னொருவர் பிளக்காமலே செய்து தரலாம் என்கிறார். பார்ட்ஸ் கடையிலோ கயிற்றுச் சீலை விட்டுவிட்டு றப்பர் சீல் போடச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி, காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) முன் செய்து முடிக்க வேண்டுமா?

முதலாமவர் சொல்வது பாதி சரி. பின் சீல் என்பது கிராங் தண்டின் பின்முனையில் இயந்திர ஒயிலை வெளியே விடாமல் தடுப்பது; பிளப்பது என்றால் இயந்திரம் உள்ள முன்பாதியைக் கிளச் கூட்டிலிருந்து பிரித்து எடுப்பது. பின் சீல்தான் என்றால் பிளக்காமல் முடியாது. பழைய கார் இயந்திரங்கள் சிலவற்றில் சம்பை (அடியில் ஒயில் நிற்கும் தொட்டியை) இறக்கி, மெயின் பெயாரிங் மூடியைக் கழற்றி, மேல் பாதிக் கயிற்றைக் கம்பியால் இழுத்து எடுக்கலாம். பிளக்காமல் செய்யலாம் என்பவர் அந்த வேலையை மனதில் வைத்துச் சொல்கிறார் போலும். 135இல் இருக்கும் பேர்கின்ஸ் 3.152 அப்படிப்பட்டதல்ல. கயிறு இருக்கும் இரண்டு அரைவட்டக் கூடுகளும் புளொக்கின் பின்முகத்தில், பிளைவீலுக்கு முன்னால் பூட்டப்பட்டிருக்கின்றன. பிளைவீல் கழராமல் அங்கே கை போகாது. மிசின் பிளக்காமல் பிளைவீல் கழராது. றப்பர் சீல் விசயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் தீர்க்க வேண்டியது, சொட்டுவது பின் சீலின் ஒயில்தானா என்பது.

கிளச் கூட்டின் அடியில் ஒரு துளையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிளப்பூசியும் இருக்கும். கூட்டுக்குள் எங்கிருந்து ஒயில் வந்தாலும் வெளியேறும் வழி அந்தத் துளைதான். ஆகவே அங்கே சொட்டுவதை வைத்து மட்டும் எந்த சீல் என்று சொல்ல முடியாது. கிராங்கின் பின் சீலாகவும் இருக்கலாம், கியர்பெட்டியின் முன் சீலாகவும் இருக்கலாம். இயந்திரத்தின் மேல்மூடியான ரொக்கர் கவரின் பின்மூலையில் கசிவது புளொக்கின் முதுகு வழியே இறங்கி அதே இடத்தில் வந்து சொட்டுவதும் உண்டு. சம்ப் கஸ்கட்டின் பின்பக்கமும் அப்படியே. ரொக்கர் கவர் கஸ்கட்டை மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். அதைப் பார்க்காமல் மிசினைப் பிளந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

சோதிப்பது இப்படி. இயந்திரத்தின் பின்பாதியையும் கிளச் கூட்டின் வெளிப்புறத்தையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு சேறு, புழுதி, பழைய ஒயில் எதுவும் மிஞ்சாமல் கழுவுங்கள். காய்ந்ததும் ரொக்கர் கவரின் பின் ஓரம், தலையும் புளொக்கும் சேரும் பின்மூலை, சம்ப் ஓரம் ஆகிய இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். அரைமணி நேரம் நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். மேலிருந்து ஒரு கோடு இறங்கினால் பவுடரில் தெரியும். மேலே எல்லாம் காய்ந்திருக்க, பிளப்பூசியில் மட்டும் சொட்டினால் ஒயில் கூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

உள்ளே வருவது எந்த ஒயில் என்பதற்கு, சொட்டை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். டீசல் இயந்திர ஒயில் கரியோடு வரும். நடுவில் கறுத்த பொட்டும் வெளியே மஞ்சள் வளையமுமாகப் பரவும். கியர்பெட்டி ஒயில் கரி இல்லாமல் ஒரே நிறத்தில் பரவும். கிளச் தூள் கலந்திருந்தால் இரண்டும் அழுக்காகத் தெரியும். அதனால் முதலில் ஒழுகியதை விட்டு, கொஞ்ச நேரம் ஓடிய பிறகு வரும் சொட்டை எடுங்கள். கியர்பெட்டி அளவுகோலை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இந்த மிசினில் கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில், ஏறத்தாழ 32 லீற்றர். அதில் ஒரு லீற்றர் குறைந்தால் கண்ணுக்குப் படாது. இயந்திரத்தின் அளவுகோல்தான் பேசும். புகையில் நீலம் இல்லாமல், வெளியே வேறு ஒழுக்கும் இல்லாமல், நாளுக்கு நாள் மட்டம் இறங்கினால் சந்தேகம் பின் சீல் பக்கம் திரும்பும்.

பின் சீல்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். சீல் ஏன் விட்டது? வயது போய்க் கயிறு காய்ந்து இறுகியது ஒரு காரணம். மற்றக் காரணங்கள் புதுச் சீலையும் அதே கதிக்கு ஆளாக்கும், அவற்றைப் பிளக்க முன்பே பார்க்கலாம்.

முதலாவது பிறீதர் குழாய். கிராங் கூட்டுக்குள் சேரும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால், அழுத்தம் ஒயிலைப் பின் சீல் வழியாகத் தள்ளும். வன்னியில் இது அடைபடுவதற்கு ஒயில் கசடு மட்டும் காரணமல்ல. இரண்டு மூன்று மாதம் கொட்டிலில் நின்ற மிசினின் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டிவிடும். குழாயைக் கழற்றி, கம்பி விட்டு, மண்ணெண்ணெயில் அலசிப் பூட்டுங்கள். பிறீதர் திறந்த பிறகு ஒழுக்கு பாதிக்குமேல் குறைந்தால் கொஞ்ச நாள் ஓடிப் பார்க்கலாம், பிளக்க அவசரமில்லை.

இரண்டாவது பிஸ்டன் றிங் தேய்வு. சூடான இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வருவது வழமை. குபுகுபுவென்று தாளத்தோடு புகை தள்ளினால் றிங்கும் ஸ்லீவும் போயிருக்கின்றன. அந்த நிலையில் பின் சீலை மட்டும் மாற்றுவது காசை வாய்க்காலில் போடுவதுதான். முழு ஓவர்ஹோலோடு சேர்த்துச் செய்யுங்கள், அல்லது அதுவரை ஒயில் ஊற்றி ஓடுங்கள்.

மூன்றாவதை அநேகர் கவனிப்பதில்லை: சம்பில் டீசல் கலப்பது. இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் லிப்ட் பம்பின் (தாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்பின்) மென்தகடு கிழிந்தால் டீசல் நேரே சம்புக்குள் போகும். இன்ஜெக்டர் பம்பின் முன் சீல் விட்டாலும் டைமிங் கூட்டு வழியே அங்கேதான் சேரும். அளவுகோலில் ஒயில் கூடிக்கொண்டு போகும், தண்ணீர் போல் ஓடும், மணத்தால் டீசல் தெரியும். மெலிந்த ஒயிலை எந்தக் கயிறும் தாங்காது. அதைவிட முக்கியம், அந்த ஒயிலோடு ஓடினால் பெயாரிங்கும் போகும். மட்டத்துக்கு மேல் ஒயில் ஊற்றுவதும் இதே வகைப் பிழை. இந்த இயந்திரத்துக்கு 7 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். "ஒழுகுது தானே" என்று மேல் கோட்டையும் தாண்டி ஊற்றினால் ஒழுக்கு இன்னும் கூடும், குளக்கட்டில் ஏறும்போதும் வரம்பு தாண்டும்போதும் ஒயில் முழுவதும் பின்னால் சரியும்.

நாலாவது மெயின் பெயாரிங் தேய்வு. சூடான நிலையில், முழு வேகத்தில், ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தலுக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் முதலில் கேஜ் சரியா என்று வேறொரு கேஜ் பூட்டிப் பாருங்கள். உண்மையிலேயே குறைவு என்றால் கிராங் ஆடுகிறது, ஆடும் தண்டில் கயிறு சில வாரத்துக்குள் வாய் விட்டுவிடும்.

இனி கயிறா றப்பரா என்ற விசயம். இந்த 3.152 குடும்பத்தில் இரண்டும் உண்டு. 135இல் பெரும்பாலும் கயிறு, அதுவும் இரண்டு பாதிக் கூட்டுக்குள். பிந்தி வந்த இயந்திரங்களில் ஒரே வளையமாக உதட்டுச் சீல். வித்தியாசம் கூட்டில் மட்டும் இல்லை, கிராங்கிலும் இருக்கிறது. கயிற்றுக்கென்று செய்த கிராங்கில், சீல் உராயும் இடத்தில் மெல்லிய திருகு வரி வெட்டியிருப்பார்கள். 0.10 முதல் 0.20 மில்லிமீற்றர் ஆழம்தான். கிராங் சுற்றும்போது அந்த வரி ஒயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். கயிறு தடுப்பது பாதி, வரி தள்ளுவது பாதி. இதன் மேல் றப்பர் உதட்டை வைத்தால் வரி அதை அரம்போல் அராவும். ஒரு போகம்கூடத் தாங்காது. மறுபக்கம், உதட்டுச் சீலுக்கான வழுவழுப்பான கிராங்கில் கயிறு போட்டால், தள்ளும் வரி இல்லாததால் எப்போதும் கசியும்.

ஆகவே பார்ட்ஸ் கடையில் தீர்மானிக்கிற விசயம் இல்லை இது. தகட்டில் இருக்கும் மொடல் இலக்கத்தை வைத்தும் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் ஓடும் பழைய மிசின்களில் ஒன்றின் புளொக்கில் இன்னொன்றின் கிராங்கும், மூன்றாவதின் தலையும் இருப்பது புதினமில்லை. சென்னைச் சிம்சன் கம்பனி பேர்கின்ஸ் வழியில் செய்த இயந்திரங்களின் பாகங்களும் இவற்றுக்குள் கலந்திருக்கும். பிளந்து, கூட்டைக் கழற்றி, கிராங்கைத் துடைத்து, விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். வரி தட்டுப்பட்டால் கயிறு. வழுவழுப்பாக இருந்தால் உதடு. காசும் அலைச்சலும் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் இரண்டையும் வாங்கி, பூட்டாததைத் திருப்பித் தருவதாகக் கடையில் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

காலபோகத்துக்கு முன்னா பின்னா என்பதற்குச் சொட்டின் அளவல்ல, கிளச்தான் பதில் சொல்லும். கயிற்றுச் சீல் பிறந்ததிலிருந்தே ஓரளவு ஈரம் காட்டும் சாமான். வேலை முடித்து நிறுத்திய பிறகு ஓரிரு சொட்டு விழுவதற்காக யாரும் மிசினைப் பிளக்க வேண்டாம். ஆனால் உங்களுடையதில் கிளச் வழுக்கத் தொடங்கிவிட்டது. ஒயில் தட்டில் ஏறிவிட்டது என்று அர்த்தம். வழுக்கும் கிளச் சூடேறி பிளைவீல் முகத்தையும் எரிக்கும், அப்போது லேத் பட்டறைச் செலவும் சேரும். சிறுபோக அறுவடை முடிந்து ஆவணியில் மிசின் சும்மா நிற்கும் நாட்களே இதற்கு நேரம். புழுதி விதைப்புக்கு உழவு தொடங்கிய பிறகு பிளந்தால், ஒரு போல்ட்டுக்காக வவுனியாவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது மழை வந்துவிடும்.

வாங்க வேண்டியவை: கயிற்றுச் சீல் செற், அதாவது அளவுக்கு வெட்டிய இரண்டு துண்டும் கூட்டின் கஸ்கட்டும் சேர்ந்தது. மீற்றர் கணக்கில் விற்கும் பக்கிங் கயிறு, அது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், வேண்டாம், தடிப்பு பொருந்தாது. கிளச் தட்டுகள் ஒயில் குடித்திருந்தால் புதியவை. பெற்றோலில் கழுவி, எரித்து, காயவைத்துப் பூட்டுவதெல்லாம் ஒரு மாதத்து வேலை. சூடானதும் உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும். கிளச் றிலீஸ் பெயாரிங், பிளைவீல் நடுவில் இருக்கும் சின்னப் பைலட் பெயாரிங், கியர்பெட்டி முன் சீல்கள். இவை விலை குறைந்தவை; இவற்றுக்காக அடுத்த வருசம் இன்னொரு தரம் பிளப்பதுதான் விலை. பிளைவீல் போல்ட்டுகளுக்குப் பூட்டுத் தகடு இருந்தால் அதுவும் புதிது. இறுகிப்போகாத வகைக் கஸ்கட் பசை ஒரு குழாய், கிரபைட் கிறீஸ் கொஞ்சம், ஒயில் பில்டர், 15டபிள்யூ-40 ஒயில் 7 லீற்றர்.

பிளக்கும் இடம் சீமெந்துத் தரையாக இருந்தால் நல்லது. முல்லைத்தீவுப் பக்க மணல் முற்றத்தில் ஜக் மெல்ல மெல்லத் தாழும், அது தாழ்வது கையை உள்ளே விட்ட பிறகுதான் தெரியவரும். வேறு வழியில்லை என்றால் மண்ணை அடித்து இறுக்கி, பழைய தண்டவாளச் சிலிப்பரோ பாலைப் பலகையோ போட்டு அதன்மேல் வேலை செய்யுங்கள். மரக்கிளையில் செயின் புளொக் கட்டி இயந்திரத்தைத் தூக்க நினைக்க வேண்டாம். தூக்கத் தேவையே இல்லை, உருட்டத்தான் வேண்டும்.

பற்றறி இணைப்பை முதலில் கழற்றுங்கள். பொனற், சைலன்சர், ஸ்ரார்ட்டர், வயர்கள், ஒயில் கேஜ் குழாய், வெப்பக் கேஜ் வயர், மீற்றர் கேபிள், அக்சிலேற்றர் தண்டு, நிறுத்தும் கேபிள், டீசல் குழாய்கள், தாங்கியின் பின் பிடிமானம், இரண்டு பக்கமும் ஸ்ரியரிங் நீள்தண்டுகளின் முன்முனை. டீசல் குழாய் வாய்களைச் சுத்தமான பிளாஸ்ரிக்கால் கட்டுங்கள், பழஞ்சீலை திணித்தால் நூல் உள்ளே போகும். கியர்பெட்டி ஒயிலை வடிக்கத் தேவையில்லை.

அடுத்ததுதான் உயிர் விசயம். முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஊசலாடுவது. மிசின் ஒன்றாக இருக்கும்வரை பின்பாதி அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. பிளந்த கணத்தில் இயந்திரம் ஒரு பக்கம் சரியும். அதனால் முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரண்டு பக்கமும் பாலை ஆப்பு அடித்து இறுக்குங்கள், மென்மரம் நசுங்கும். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. கியர்பெட்டியின் முன்பகுதிக்கு அடியில் அசையாத ஸ்ராண்ட். ஜக்கை மட்டும் நம்பி விடக் கூடாது. சம்பின் பின்பகுதிக்கு அடியில், பலகை வைத்து, சில்லுள்ள ஜக். இந்த மிசினின் சம்ப் பாரம் தாங்கும் வார்ப்பிரும்பு, அதனால் இது சரி. தகட்டுச் சம்ப் உள்ள வேறு இயந்திரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

சுற்றிவர உள்ள போல்ட்டுகளையும், சம்போடு சேரும் கீழ் போல்ட்டுகளையும் கழற்றுங்கள். ஒன்றை மறந்துவிட்டு கம்பிப்பாரையால் நெம்பினால் உடைவது கிளச் கூட்டின் காது. நெம்பாமல், ஜக்கை மயிரிழை ஏற்றி இறக்கினால் தானாக வாய் பிரியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி வருகிறதா என்று பார்த்தபடி முன்பாதியை நேராக உருட்டுங்கள். இரண்டரை அடி போதும்.

பிளந்ததும் துடைக்காமல் நின்று பாருங்கள். ஒயில் எங்கே படிந்திருக்கிறது என்பது இனி ஒருபோதும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. பிளைவீலின் முன்பக்கமும் அதன் சுற்றளவும் கூட்டின் உட்சுவரில் ஒரு பட்டையாகவும் நனைந்திருந்தால் பின் சீல். கிளச்சின் பின்பக்கமும் றிலீஸ் பெயாரிங் தாங்கியும் நனைந்து பிளைவீலின் முன்பக்கம் காய்ந்திருந்தால் கியர்பெட்டி சீல். இரண்டும் நனைந்திருந்தால் இரண்டும். கிளச் தூளையும் பழைய கயிற்றையும் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். பழைய கயிறுகளிலும் தட்டுகளிலும் அஸ்பெஸ்டஸ் இருந்தது. ஈரச்சீலையால் துடைத்து, சீலையைக் கட்டி எறியுங்கள்.

கிளச் மூடியும் பிளைவீலும் சேரும் இடத்தில் ஒரு குறி, பிளைவீலும் கிராங்கும் சேரும் இடத்தில் இன்னொரு குறி. 135இல் அநேகமாக இரட்டைக் கிளச் என்பதால் அதன் போல்ட்டுகளைச் சுற்றிவரச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பிளைவீலை இருவர் பிடியுங்கள். எதிரெதிரே இரண்டு போல்ட்டுகளை எடுத்து அந்த இடத்தில் புரி வெட்டிய நீளமான கம்பி இரண்டைச் செலுத்தினால் அதன்மேல் வழுக்கி வெளியே வரும், காலில் விழாது. பிறகு பின் தகடு. அதற்குப் பின்னால் சீல் கூடு. இரண்டு பாதியையும் சேர்க்கும் பக்க ஆணிகள் இரண்டு, புளொக்கிலும் மெயின் மூடியிலும் பிடிக்கும் ஆணிகள் சில. எந்த ஆணி எந்தத் துளை என்று ஒரு மட்டையில் குத்தி வையுங்கள்.

கூட்டை எடுத்ததும் கிராங்கைச் சுத்தம் செய்து பாருங்கள். வரி இருந்தால் அதை எமரித் தாளால் தேய்த்து அழித்துவிடாதீர்கள். ஓரத்தில் முள்ளாக நிற்கும் உலோகத்தை மட்டும் மிக மெல்லிய தாளால் எடுங்கள். கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜால் அளந்தால் அசைவு 0.05 முதல் 0.38 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கூடினால் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, கிளச்சை மிதிக்கும் ஒவ்வொரு தரமும் கிராங் முன்னே போய் சீலைத் தேய்க்கும். மேலும் கீழும் நெம்பும்போது கைக்கே ஆட்டம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். இனிச் செய்ய வேண்டியது மெயின் பெயாரிங் வேலை.

கயிறு வைக்கும் முறையில்தான் முக்கால்வாசி வேலைகள் பிழைக்கின்றன. விளக்குத் திரியை அகலுக்குள் அழுத்துவதுபோல ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை அழுத்திக்கொண்டு போய், மிஞ்சியதைப் பிளேட்டால் வெட்டுகிறார்கள். அது பிழை. அப்படி வைத்தால் கயிறு நீண்டு மெலியும், நெரிசல் இல்லாமல் கிடக்கும்.

பாதிக் கூட்டை வாய் மேலே பார்க்கும்படி வைஸில் மெதுவாகப் பிடியுங்கள். பள்ளத்தில் பழைய பசையோ கயிற்று நாரோ ஒட்டியிருக்கக் கூடாது. புதுக் கயிற்றின் இரண்டு முனைகளையும் முதலில் வையுங்கள்: ஒவ்வொரு முனையிலும் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் அளவு, பள்ளத்துக்குள் போக வேண்டும். முனை கூட்டின் சேரும் முகத்துக்கு வெளியே 0.25 முதல் 0.50 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பீலர் கேஜை வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். இந்த நேரத்தில் கயிற்றின் நடு வில்லாக மேலே கிளம்பி நிற்கும். நிற்கட்டும். இப்போது நடுவிலிருந்து பெருவிரலால் அழுத்தி, இரண்டு பக்கமும் முனையை நோக்கிப் போங்கள். முனைகள் உராய்வால் அசையாமல் நிற்க, நீளம் மிஞ்சிய கயிறு பள்ளத்துக்குள்ளேயே நெருக்கப்படும். அந்த நெருக்கம்தான் சீல். கடைசியாக வழுவழுப்பான உருண்டைக் கம்பியோ சொக்கெற் ஒன்றோ எடுத்து உள்வட்டத்தின்மேல் உருட்டி அழுத்துங்கள். சுத்தியலால் குத்தாதீர்கள், நார் அறும்.

நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அரை மில்லிமீற்றரை வெட்ட ஆசை வரும். வெட்டினால் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கயிறும் கயிறும் முட்டாது, ஒழுக்கு அந்த இரண்டு மூலையிலும் தொடங்கும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விட்டாலும் நார் இரும்பு முகங்களுக்கு நடுவே அகப்பட்டு, கூடு வடிவாக மூடாது. அதுவும் ஒழுகும்.

கயிற்றை முதல் நாள் இரவே ஒயிலில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. இந்தக் கூட்டுக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. ஊறிப் பருத்த கயிறு பள்ளத்தில் வடிவாக நெருங்காது, முனையும் வழுக்கும். காய்ந்தபடியே வைத்து, வைத்த பிறகு உள்வட்டத்தில் கிரபைட் கிறீஸைப் பூசுவது நல்லது.

புளொக்கின் பின்முகத்தில் பழைய கஸ்கட்டை மரச் சீவுளியால் சுரண்டி, புதிய கஸ்கட்டைப் பசை பூசி வையுங்கள். இரண்டு பாதியின் சேரும் முகங்களுக்கும் மெல்லிய பசை. குழாயை நசுக்கிப் புழுப்போல் விட வேண்டாம். மிஞ்சிய சிலிக்கன் உள்ளே வழிந்து, உதிர்ந்து, ஒயில் பம்பின் வலையில் போய்ச் சேரும். அதனால் வரும் நட்டம் ஒழுகிய ஒயிலை விடப் பெரிது. பாதிகளைக் கிராங்கைச் சுற்றிப் பிடித்து, பக்க ஆணிகள் இரண்டையும் பூட்டுங்கள். இன்னும் புளொக்கோடு பூட்டாதீர்கள். கூட்டைக் கையால் பிடித்து கிராங்கின்மேல் இடமும் வலமும் திருப்புங்கள். இறுக்கமாக, ஆனால் திரும்ப வேண்டும். பல தரம் திருப்பினால் கயிறு கிராங்கின் அளவுக்குப் படியும். திரும்பவே மறுத்தால் கழற்றிக் கம்பியால் இன்னும் உருட்டுங்கள். இந்தத் திருப்பலைத் தவிர்த்தவர்களின் சீல்தான் முதல் ஓட்டத்திலேயே கருகி மணக்கும். படிந்த பிறகு புளொக்கிலும் மெயின் மூடியிலும் ஆணிகளைப் பூட்டி, பக்க ஆணிகளைக் கடைசியாக இறுக்கி முடியுங்கள்.

உங்கள் கிராங் உதட்டுச் சீலுக்கானது என்றால் வேலை சுருக்கம். பழைய உதடு கிராங்கில் வெட்டிய வளையம் இருந்தால், புதுச் சீலை அதே இடத்தில் உட்கார வைக்காமல் கூட்டுக்குள் சில மில்லிமீற்றர் ஆழமாக அழுத்தி, உதடு புதிய இடத்தில் படும்படி செய்யுங்கள். உதட்டுக்கும் தண்டுக்கும் ஒயில் பூசி, மெல்லிய பிளாஸ்ரிக் தாளைக் கிராங் விளிம்பில் சுற்றி அதன்மேல் வழுக்கி ஏற்றுங்கள். உதடு ஒருமுறை மடிந்தால் அந்தச் சீல் முடிந்தது.

பூட்டும்போது கவனம் இரண்டு இடத்தில். பிளைவீல் முகத்திலும் கிராங் முகத்திலும் ஒரு துகள் மண்கூட இருக்கக் கூடாது. போல்ட்டுகளை எதிரெதிராக 75 அடி இறாத்தல், ஏறத்தாழ 102 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சுற்றளவில் மொத்த ஆட்டம் 0.30 மில்லிமீற்றருக்குள் வேண்டும். முகத்தில், ஆரத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.001 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கூடினால் கழற்றித் திரும்பத் துடையுங்கள், அநேகமாக மண்தான். மற்றது கிளச் தட்டுகளின் நேர். பழைய கியர்பெட்டித் தண்டு ஒன்று பட்டறைகளில் கிடக்கும், அதைச் செருகி நேர் பார்த்தபடி மூடியை இறுக்குங்கள். இரட்டைக் கிளச்சில் இரண்டு தட்டு, இரண்டு தண்டு. ஒன்று பிசகினாலும் மிசின் சேராது.

சேர்க்கும்போது கடைசி ஓர் அங்குலம் நிற்கும். போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுத்தால் தட்டின் நடுக்குடம் வளையும், அல்லது கூடு வெடிக்கும். ஒருவர் பிளைவீலை மெல்ல மெல்லச் சுற்ற, மற்றவர் பின்னால் பிரிஓ தண்டை (கருவிகளைச் சுழற்றும் தண்டை) கையால் திருப்ப, பற்கள் சந்தித்ததும் மிசின் தானாகச் சேரும். இரண்டு முகமும் கையால் தள்ளியே முட்டிய பிறகுதான் போல்ட். ஆப்புகளைக் கடைசி போல்ட் இறுகும்வரை எடுக்காதீர்கள்.

புதுக் கயிறு இறுக்கமாக இருப்பதால் இயந்திரம் ஸ்ரார்ட்டருக்குக் கொஞ்சம் பாரமாகத் தெரியும். டீசல் காற்றெடுக்கும் முன், நிறுத்தும் கேபிளை இழுத்தபடி சில விநாடி சுழற்றி ஒயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு காற்றெடுத்து ஓடவிடுங்கள். முதல் இருபது நிமிடம் அரை வேகத்துக்கு மேல் வேண்டாம். கிரபைட்டும் கிறீஸும் சூடேறும் மணம் வரும், அது போய்விடும். முதல் சில நாள் பெட்டி இழுக்கிற இலகு வேலையில் விட்டு, பிறகு கலப்பையில் போடுங்கள்.

தொடக்கத்தில் பிளப்பூசியில் சில சொட்டு வந்தால் பதற வேண்டாம். அது கழுவிய மண்ணெண்ணெயும் கூட்டில் ஒட்டியிருந்த பழைய ஒயிலும். ஒரு கிழமைக்குப் பிறகும் நின்றால் மட்டும் யோசியுங்கள், அப்போதும் முதலில் பிறீதரையும் ஒயில் மட்டத்தையும் பாருங்கள். ஒழுக்கை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் மருந்து றப்பரை ஊதவைப்பது. கயிற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சேற்றுழவுக்கு இரும்புக் கூட்டுச் சில்லு போட்டு இறக்கும்போது தண்ணீர் ஏறாமல் இருக்க அந்தத் துளையைக் கட்டையால் அடைப்பவர்கள் உண்டு. ஆழச் சேற்றில் அந்த ஒரு நாளுக்கு அடைப்பதில் பிழையில்லை. வயலை விட்டு ஏறியதும் கட்டையைப் பிடுங்கிப் பிளப்பூசியைத் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஒழுக்கு கிளச் வழுக்கும்வரை தெரியவராது.